கடல்வழிச் சொற்கள் – 9: கணவாய் ஏறாத மௌசிம்

ஆனி பிறந்துவிட்டால் போதும், தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு வெளியூரிலிருந்து வரும் போன் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். “குத்தாலத்துல தண்ணி விழுதா?” விழுகிறது என்றால் அடுத்தது, “சீசன் எப்படி இருக்கு?” சீசன் என்ற சொல்லுக்கு இங்கே தனி இலக்கணமே உண்டு. சீசன் தொடங்கும், களைகட்டும், டல்லடிக்கும், முடிந்துவிட்டது என்று கடையைக் கட்டும் நேரத்தில் மறுபடி எடுக்கும். வெறும் மழை பெய்தால் அதற்குப் பெயர் சீசன் கிடையாது. இளவெயில் அடிக்க வேண்டும். அடிக்கும்போதே பொடிச்சாரல் முகத்தில் விழ வேண்டும். மேற்கே மலை மறைந்து மறைந்து தெரிய வேண்டும். ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுந்தாலும் சாரல் இல்லாவிட்டால், ‘தண்ணி இருக்கு, சீசன் இல்ல’ என்று ஊர்க்காரர் கறாராகச் சொல்லிவிடுவார்.

இந்தச் சாரலுக்கு வாசல் குற்றாலத்தில் இல்லை, செங்கோட்டையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி வரும் வழியில் ஆரியங்காவில் தாழ்ந்து இடம்விடுகிறது. அரபிக்கடலில் எழும் தென்மேற்குக் காற்று கொல்லம், புனலூர் வழியே ஏறி, சுமந்துவந்ததில் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, மிச்சத்தை இந்தக் கணவாய் வழியாகவும் இருபுறத்து முகடுகளின் மேலாகவும் கிழக்கே தள்ளுகிறது. அந்த மிச்சம் புளியரையில் மழை, செங்கோட்டையில் தூறல், குற்றாலத்தில் சாரல், தென்காசி தாண்டிச் சுரண்டைப் பக்கம் போனால் வெறுங்காற்று. காற்று வந்த அதே தடத்தில் மிளகும் உப்பும் போய்வந்தன. அதே தடத்தில் 1904 நவம்பரில் புனலூர்–செங்கோட்டை ரயில் ஓடியது. அந்த மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாகி முழுவதும் திறந்தது 2018இல். இடையில் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. மலைக்குக் கிழக்கே இருந்துகொண்டு மலைக்கு மேற்கே வரி கட்டிய ஊர்.

இப்படிக் காற்றின் வாசலிலேயே குடியிருக்கும் மக்கள் அந்தக் காற்றுக்காலத்துக்கு ஏன் ‘சீசன்’ என்ற இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்டால், ‘வெள்ளைக்காரன் வந்தான், சொன்னான்’ என்று முடித்துவிடலாம். ஆனால் இந்தக் காற்றிலேயே பாய் விரித்து, ஆப்பிரிக்கா முதல் ஜாவா வரை போய்க் குடியேறிய ஒரு சொல் வேறு உண்டு. மௌசிம் என்னும் அரபுச் சொல். உருதுக்காரருக்கு அது மௌசம், துருக்கியருக்கு மெவ்சிம், மலாய்க்காரருக்கு மூசிம், கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாஹிலியில் ம்சிமு, மாலத்தீவில் மூசுன், போர்த்துக்கீசில் மொன்சாவ், இங்கிலீஷில் மான்சூன். சுற்றியிருந்த இத்தனை பேர் வீட்டுக்கும் போன அந்தச் சொல், தமிழின் பொதுவழக்கில் மட்டும் வேர்பிடிக்கவில்லை. சென்ற இதழில் பார்த்த மாலுமியும் சுக்கானும் அதே அரபுக் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள்தாம். முஅல்லிம் என்ற அரபுச் சொல் மாலுமியாகித் தமிழனாகவே மாறிவிட்டது. கப்பலோட்டி வந்தார், கப்பலைத் திருப்பும் சுக்கான் வந்தது. கப்பலை ஓட்டிய காலத்தின் பெயர் வரவில்லை. இந்த இதழில் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் சொல்லின் ஊர். அரபியில் வ–ஸ–ம என்ற வேருக்குச் சூடுபோட்டு அடையாளம் இடுவது என்று பொருள். பாலைவனத்தில் ஒவ்வொரு கூட்டத்தாரும் தம் ஒட்டகத்துக்குத் தனிச் சூட்டுக்குறி வைத்திருந்தார்கள். அந்தக் குறிக்குப் பெயர் வஸ்ம். பாறைகளில்கூட அந்தக் குறிகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். நல்ல முகலட்சணம் உள்ளவன் வசீம். தென்காசி, கடையநல்லூர், வடகரைப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளில் நிறைய வசீம்கள் உண்டு. மார்பில் குத்தும் பதக்கம் விசாம். இலையுதிர்கால முடிவில் காய்ந்த மண்ணின் மேல் முதன்முதலாக விழுந்து பசுமையால் தடம் பதிக்கும் மழை வஸ்மீ. வளைகுடா நாடுகளில் இன்றும் அக்டோபர் நடுவில் தொடங்கும் மழைக்காலத்துக்கு வஸ்ம் என்றே பெயர். அங்கே வேலைபார்க்கும் நம்மவர்கள் அந்தச் சொல்லைக் காதில் வாங்கியிருப்பார்கள்.

இந்த வேரில் பிறந்ததுதான் மௌசிம்: குறிக்கப்பட்ட காலம், மக்கள் கூடும் அடையாள நாள். தமிழிலும் இதே பாதை உண்டு. மாட்டுக்குப் போடுவதும் குறி, கல்யாணத்துக்கு நாள் வைப்பதும் குறிப்பதுதான். இஸ்லாத்துக்கு முன் தாயிப் நகருக்கு அருகே உக்காஸ் என்னும் இடத்தில் ஆண்டுதோறும் பெருஞ்சந்தை கூடியது. வணிகம், வழக்குத் தீர்ப்பு, கவிஞர்களின் போட்டி எல்லாம் அங்கேதான். அரபியர் அதை மௌசிம் என்றார்கள். ஹஜ் காலமும் மௌசிம். எருசலேமிலிருந்து எரிகோ அருகிலுள்ள நபி மூசா தர்காவுக்கு வசந்தகாலத்தில் ஊர்வலம் போகும் விழாவும் மௌசிம். மொராக்கோவில் ஒவ்வொரு இறைநேசர் அடக்கத்தலத்துக்கும் ஒரு மௌசிம் உண்டு. பாலைவன ஒட்டகக் கூட்டங்கள் கூடும் டான்டான் ஊர் மௌசிம் 2008இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. லெபனான் மலையில் பட்டுக்கூடு எடுக்கும் காலம் மௌசிம். எகிப்தில் இன்னும் ஒரு படி. விசேஷ நாள்களில், கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்குத் தாய்வீட்டிலிருந்து கோழியும் அரிசியும் பலகாரமும் போகும். அந்தச் சீருக்கே மௌசிம் என்று பெயர். திருநெல்வேலிச் சீமையில் பொங்கல்படி கொண்டுபோகிற அண்ணன் தம்பிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதுவரை காற்றும் இல்லை, மழையும் இல்லை. நிலத்தில் நின்ற இந்தச் சொல்லைக் கடலில் இறக்கியவர்கள் கப்பற்காரர்கள்.

அரபிக்கடலைக் காற்றின் போக்கறிந்து கடப்பது அரபியர் வருமுன்பே நடந்த சங்கதி. கிரேக்கர்கள் தென்மேற்குக் காற்றுக்கு ஹிப்பாலஸ் என்று பெயரிட்டிருந்தார்கள். செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அதை ஆண்டுமுழுவதற்குமான கணக்காக, துறைமுகம் துறைமுகமாக நாள் குறித்து எழுதியவர்கள் அரபு மாலுமிகள். 851இல் எழுதப்பட்ட அரபு நூல் ஒன்று, மஸ்கட்டிலிருந்து நிதானமான காற்றில் ஒரு மாத ஓட்டம் என்று ஒரு துறைமுகத்தைச் சொல்கிறது. அதன் பெயர் கூலம் மலய். நம் கொல்லம்! சீனக் கப்பல்கள் அங்கே ஆயிரம் திர்ஹம் சுங்கம் கட்டின என்றும் அந்த நூல் சொல்கிறது. அதற்கு இரண்டே ஆண்டு முன், 849இல், வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிக் கையொப்பங்களோ கூஃபி அரபு எழுத்திலும் பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் இருக்கின்றன. செங்கோட்டைக் கணவாயின் மேற்கு முனையில் ஆயிரத்து நூற்றெழுபது ஆண்டுக்கு முன்பே யார் யார் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர்கள் எல்லாருமே ஒரு காற்றில் வந்து இன்னொரு காற்றுக்குக் காத்திருந்தவர்கள்.

மௌசிமைக் கப்பல் சொல்லாக முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் அஹ்மத் இப்னு மாஜிதிடம் போக வேண்டும். இன்றைய ராஸ் அல் கைமா அருகே ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். 1490ஐ ஒட்டி அவர் எழுதிய கடலியல் நூலில் மௌசிம் என்பது காற்றின் பெயராக வராது. தென்மேற்குக் காற்றுக்கு கௌஸ், வடகிழக்குக் காற்றுக்கு அஸ்யப் என்று அவரிடம் வேறு பெயர்கள் இருந்தன. மௌசிம் என்றால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் புறப்பட வேண்டிய நாள். ஏடனிலிருந்து மலபாருக்கு ஒரு மௌசிம், மலபாரிலிருந்து மலாக்காவுக்கு இன்னொன்று. கப்பற்காரருக்குச் சந்திர மாதம் உதவாது. அது ஆண்டுக்குப் பதினொரு நாள் நழுவிக்கொண்டே போகும், காற்று நழுவாது. ஆகவே பாரசீகரின் நௌரோஸ் நாளிலிருந்து இத்தனையாவது நாள் என்று எண்ணிக் குறித்தார்கள். முஸ்லிம் மாலுமி தொழுகைக்கு ஒரு நாட்காட்டியும் பாய் விரிக்க இன்னொரு நாட்காட்டியும் வைத்திருந்தார்.

அந்தக் கணக்கில் தென்மேற்குக் காற்றுக்கு இரண்டு நுனிதான் பயன்படும். பங்குனி சித்திரையில் காற்று எழும்பத் தொடங்கும்போது ஒரு தவணை, ஆவணிக்குமேல் அது தளரும்போது இன்னொரு தவணை. நடுவில் கடல் அடைப்பு. மேற்குக் கரைத் துறைமுகங்கள் எல்லாம் மூடிக்கிடக்கும். பெரிய கப்பல் ஒன்றும் நெருங்காது. அதாவது குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருக்கும் நாள்கள் அரபு மாலுமிக்கு மௌசிம் இல்லாத நாள்கள். நமக்கு அருவி திறக்கும்போது அவனுக்குக் கடல் மூடிவிடும்.

தவணையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாஸ்கோ ட காமாவே உதாரணம். 1498இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழிகாட்டியோடு வந்தபோது 23 நாளில் கடலைக் கடந்தார். திரும்பும்போது காற்று மாறும்வரை இருக்கப் பொறுமை இல்லை. அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. பழமும் காய்கறியும் இல்லாமல் ஈறு வீங்கி இறந்தவர்கள் ஏராளம். வரும்போது வழிகாட்டியது இப்னு மாஜிதுதான் என்று பல பாடநூல்களில் எழுதியிருந்தது. இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை; வழிகாட்டி ஒரு குஜராத்தி என்பதே வலுவான கருத்து.

அடிபட்டுக் கற்ற போர்த்துக்கீசியர் சொல்லையும் கையோடு எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பழைய எழுத்தில் அது மௌசாவ்; பிறகு நடுவில் ஒரு மெல்லின ஒலி புகுந்து மொன்சாவ் ஆனது. 1503இல் கொல்லத்தில் பண்டகசாலை, 1519இல் தங்கசேரியில் கோட்டை என்று இந்தக் கரையில் உட்கார்ந்தவர்களுக்கு மொன்சாவ் என்றால் ஆண்டுக்கொருமுறை லிஸ்பனிலிருந்து கப்பல் வருவது, போவது. அந்தக் கப்பலில் அரசனுக்கும் கோவா ஆளுநருக்கும் இடையே போய்வந்த கடிதக் கட்டுகளுக்கு ‘மொன்சாவ் ஏடுகள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தபாலுக்குக் காற்றின் பெயர்! இதே சொல்லை அவர்கள் பிரேசிலுக்கும் கொண்டுபோனார்கள். 18ஆம் நூற்றாண்டில் சாவ் பாவ்லோ பக்கத்துப் போர்ட்டோ ஃபெலிஸ் ஊரிலிருந்து தியெத்தே ஆற்று வழியே குயபா தங்கச் சுரங்கங்களுக்கு ஓடங்கள் கூட்டமாகக் கிளம்பும். அந்த ஆற்றுப் பயணங்களுக்கு மொன்சாவ் என்று பெயர். அரபியில் ஒட்டகத்துக்குச் சூடுபோட்ட வேர், கடலே இல்லாத ஒரு காட்டாற்றில் போய்க் குந்திவிட்டது. இந்தத் தொடருக்காகத் தேடியதில் என்னை மிகவும் சிரிக்கவைத்தது இதுதான்.

டச்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்த்துக்கீசியரிடமிருந்து சொல்லை வாங்கினார்கள். அதன்பின் தேதி காற்றாயிற்று. இந்தியாவில் வெள்ளைக்காரன் தங்கி விளைச்சலும் வரியும் பார்க்கத் தொடங்கியபின் காற்று மழையாயிற்று. இன்று கேரளத்தில் மான்சூன் வந்துவிட்டது என்று செய்தி வாசித்தால் மழை வந்துவிட்டது என்றுதான் எல்லாருக்கும் புரிகிறது. புறப்படும் நாள் என்ற பழைய பொருள் இங்கிலீஷில் மிச்சமில்லை.

காலம் என்ற பொருளாவது மிஞ்சியிருப்பது வேறு கரைகளில். சுவாஹிலி இந்தச் சொல்லை நடத்திய விதம் தனி. முதலில் இருந்த ‘ம்’ ஒலியை அந்த மொழிக்காரர்கள் தங்கள் பெயர்ச்சொல் முன்னொட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒருமைக்கு ம்சிமு, பன்மைக்கு மிசிமு என்று ஆக்கிவிட்டார்கள். அரபிப் பன்மையான மவாசிமுக்கு அங்கே வேலையே இல்லை. மாலத்தீவில் ஆண்டு இரண்டாகப் பிரியும்: மழைகொண்ட ஹுல்ஹங்கு மூசுன், காய்ந்த இருவை மூசுன். தூத்துக்குடித் தோணிகள் அங்கே சரக்கு ஏற்றிப்போவதும், தென்மேற்குக் காற்றின் மாதங்களில் கரையில் ஒதுங்கிக் கிடப்பதும் இந்த மூசுன் கணக்கில்தான். சிங்களத்தில் மோசம். நம் ‘மோசம்’ வடமொழி வழி வந்த வேறு சொல்; ‘சீசன் மோசம்’ என்று குற்றாலத்துக் கடைக்காரர் சொன்னால் இரண்டையும் முடிச்சுப்போட வேண்டாம்.

மலாய் மூசிமுக்குக் குற்றாலத்தில் ஒரு தொடர்பு இருக்கிறது. மலாக்காவில் மேற்கிலிருந்து வந்தவர்களுக்கு ‘காற்றுக்கு மேலுள்ளவர்கள்’ என்று பெயர். தமிழ் வணிகர்களும் அதில் அடக்கம். ஒரு காற்றில் போய்ச் சேர்ந்து, அடுத்த காற்று வரும்வரை மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். அப்படித் தங்கியவர்களின் வழியில் மூசிம் என்ற சொல் துறைமுகத்தைவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டது. மலாயில் மழைக்கு மூசிம், துரியானுக்கு மூசிம், மங்குஸ்தானுக்கு மூசிம். குற்றாலம் பேருந்து நிலையத்திலிருந்து அருவிக்குப் போகிற வழியெல்லாம் சீசனில் குவித்துவைத்து விற்கிறார்களே மங்குஸ்தான், ரம்புட்டான், எப்போதாவது யானைவிலை சொல்லும் துரியான், அவை மூன்றுமே மலாய் நாட்டுப் பெயரோடு வந்த பழங்கள். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளின் ஜாதிக்காயையும் கிராம்பையும் குற்றாலத்து மலைச்சரிவில் நட்டுப் பார்த்தது. தென்கிழக்காசியச் செடிக்கு ஏற்ற ஈரம் இங்கே இருந்தது. பழமும் வந்தது, பழத்தின் பெயரும் வந்தது. மூசிம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. “மங்குஸ்தான் சீசன் சார், கிலோ எடுத்துக்கோங்க.”

அதே வண்டியில் சாத்துக்குடியும் இருக்கும். வடக்கே அதற்கு மௌசம்பி. மௌசம் என்பதிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது மொசாம்பிக் நாட்டுப் பெயரின் திரிபு என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் கருத்து. ஆனால் வங்காளத்தில் பெண்களுக்கு வைக்கும் மௌசுமி என்ற பெயர் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். அங்கே பருவக்காற்றுக்கே மௌசுமி வாயு என்று பெயர்.

உருது, இந்தி, வங்காளி, மராத்தி எல்லாம் மௌசத்தைக் கப்பலிலிருந்து இறக்கவில்லை. அது பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாக வந்தது. அரண்மனை, தோட்டம், கவிதை என்று நடந்து வந்தது. ஆகவே அங்கே அதற்கு உப்புவாடை இல்லை. துருக்கியில் நான்கு மெவ்சிம், உஸ்பெக்கில் மவ்சும், எல்லாம் வெறும் பருவங்கள். இந்தியில் இன்னும் நீர்த்துப்போய் அன்றாட வானிலை ஆகிவிட்டது. 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் இந்திப் பெயரில் மௌசம் இருக்கிறது. 2020இல் அவர்கள் வெளியிட்ட கைப்பேசிச் செயலிக்கும் அதுவே பெயர். இந்தியப் பெருங்கடல் நாடுகளின் பழைய கடல் உறவுகளைத் தேடி மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 2014 ஜூனில் தோஹாவில் அறிவித்த திட்டத்துக்கும் ‘மௌசம்’ என்றே பெயர் வைத்தார்கள். அது சரியான பெயர். சொல்லை அதன் கடலுக்கே திருப்பிக் கொண்டுபோன பெயர்.

இனித் தமிழ். தமிழுக்கு அரபுச் சொல் ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. செங்கோட்டை தாலுகா அலுவலகத்தில் பாதிப் பேச்சு அரபு: தாலுகா, தாசில், வசூல், பாக்கி, நகல், ரத்து. இன்னும் சொல்லப்போனால் பருவத்துக்கான அரபுச் சொல் ஒன்றையே தமிழ் எடுத்துவைத்திருக்கிறது. பசலி! அரபியில் பஸ்ல் என்றால் பருவம், அறுவடை. அக்பர் காலத்து வருவாய்க் கணக்கில் ஆண்டின் பெயராகி, தமிழ்நாட்டில் ஜூலை 1இல் தொடங்கும் ஆண்டாக இன்றும் ஜமாபந்தியில் வாழ்கிறது. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டு எழுதிக்கொண்டிருந்த செங்கோட்டைக்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின் பசலி வந்து சேர்ந்தது. ஆக, கப்பல் வழியாக மாலுமி, கச்சேரி வழியாகப் பசலி. இரண்டு வாசலும் திறந்துதான் இருந்தன.

மௌசிம் நுழையாததற்கு என் கணக்கில் காரணம் இது. அந்தச் சொல் தூரத்திலிருந்து வந்து திரும்பிப்போக வேண்டியவனுக்குத் தேவைப்பட்டது. காற்று அவனுக்குப் புறப்பாட்டு அட்டவணை. சுவாஹிலிக் கரைக்காரருக்கு அரபுக் கப்பல் வரும் நாள் முக்கியம். மலாக்காக்காரருக்கு வெளிநாட்டான் தங்கும் மாதங்கள் முக்கியம். மாலத்தீவுக்காரருக்கு அரிசியே கப்பலில் வர வேண்டும். தமிழ்க் கரைக்கு அந்த அவசரம் இல்லை. காயலுக்கு ஹோர்முஸிலிருந்தும் கீஷிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோ பார்த்திருக்கிறார். வாங்கிய பாண்டியனுக்குக் குதிரை வந்தால் சரி. கரையில் இருந்தவர்களிடம் காற்றுக்கு ஏற்கெனவே பெயர் நிறைய இருந்தது: வாடை, கொண்டல், தென்றல், கோடை. யாழ்ப்பாணத்துக் கடலோடிகளிடம் சோளகம், கச்சான். உள்நாட்டு விவசாயிக்கு அதுகூட வேண்டாம். ஆனியில் நட்டுப் புரட்டாசியில் அறுத்தால் கார், ஐப்பசியில் தொடங்கினால் பிசானம். பயிரின் பெயரே பருவத்தின் பெயர். அரபியரோடு நம்மைவிட நெருங்கிப் பழகிய மலையாளமும் இடவப்பாதி, காலவர்ஷம், துலாவர்ஷம் என்று மாதக் கணக்கிலேயே நின்றது. மாதம் தெளிவாக இருக்கும் நாட்டில் மௌசிமுக்கு வேலை இல்லை.

சீசனுக்கு வேலை இருந்தது. ஆனியும் ஆடியும் உழவனுக்குக் காலம் காட்டின. ஊர் பார்க்க வருகிறவனுக்குக் காலம் காட்ட ஒரு சொல் இல்லை. குற்றாலத்துக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் குளிர்ச்சி தேடி வந்து பங்களா கட்டியபின் அந்தச் சொல் தேவைப்பட்டது. அவர்கள் வாயில் இருந்ததே நின்றுவிட்டது. அந்தச் ‘சீசன்’ லத்தீனில் விதைப்பு என்ற பொருளில் பிறந்த சொல் என்பதை நினைத்தால், நம் உழவன் சொல் எட்டாத இடத்துக்கு இன்னோர் உழவன் சொல்தான் வந்திருக்கிறது.

அரபிகளுமே இந்தத் தென்மேற்குச் சாரலை மௌசிம் என்று சொல்வதில்லை. ஓமானின் தெற்கே சலாலாவில் இதே காற்று ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மலையை மூடி, பொடித் தூறலாக இறங்குகிறது. பாலைவனம் பச்சையாகும், வளைகுடா முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து, குடைபிடிக்காமல் நனைவார்கள். வறுத்த சோளம், தேநீர், வழியெல்லாம் கூட்டம். ஆடி மாதக் குற்றாலம் அப்படியே அங்கே இருக்கிறது, அருவியில் ஒருகாலத்தில் இருந்த எண்ணெய்க் குளியல் மட்டும் இல்லை. அவர்கள் அதைச் சொல்வது கரீஃப் என்று. நம் வேளாண்மைத் துறைக் காகிதங்களில் வரும் ‘காரீப் பருவம்’ அதே சொல். நெல்லைச் சீமையின் ‘கார்’ அதனோடு ஒலியில் ஒத்துப்போவது தற்செயல்.

மௌசிமோ அரபு நாட்டில் மறுபடி சந்தைக்கே போய்விட்டது. 2019 அக்டோபரில் சவுதி அரசு தொடங்கிய ரியாத் பெருவிழாவுக்கு அரபியில் மௌசிம் அர்ரியாத் என்று பெயர். உக்காஸில் கூடியது போலவே விளையாட்டு, பாட்டு, வியாபாரம். ரியாத்தில் வேலைபார்க்கும் செங்கோட்டைக்காரர் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்து, ஊரிலுள்ளவர்களுக்கு எப்படிச் சொல்கிறார்? “இங்க ரியாத் சீசன் ஆரம்பிச்சிட்டு.”

மௌசிம் தமிழுக்குள் வேர்பிடிக்கவில்லை என்று மேலே சொன்னதை நான் இறுதித் தீர்ப்பாக எழுதவில்லை. பொதுவழக்கைப் பற்றிய தீர்ப்பு அது. காயல்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி, குளச்சல் ஊர்களில் மரக்கலம் ஓட்டிய குடும்பங்களின் வீட்டுப் பரணில் அரபுத்தமிழில் எழுதிய பயணக் குறிப்போ, சரக்குக் கணக்கோ, கொழும்புக்கும் மலாக்காவுக்கும் போட்ட கடிதமோ இன்னும் கிடக்கலாம். அவற்றில் மௌசிம், மூசிம், மௌசு என்று எந்த வடிவில் இந்தச் சொல் தென்பட்டாலும், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஆண்டு விவரத்தோடு எழுதுங்கள். பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த இதழில் பசலி.

(தொடரும்)